ஆய்விதழ் நடத்தப் போகிறவருக்கு: ஜூன் முதல் மே வரை

பொறியியல் கல்லூரிகளில் இது அடிக்கடி நடப்பதுதான். நிர்வாகக் கூட்டத்தில் யாராவது ஒருவர், "நமக்கென்று ஒரு ஜர்னல் இருந்தால் நன்றாக இருக்குமே" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். பொறுப்பு மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வராத உதவிப் பேராசிரியர் தலையில் விழும். அந்த உதவிப் பேராசிரியருக்காக இதை எழுதுகிறேன்.

நான் சிவில் துறைக்காரி. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே உள்ள ஒரு கல்லூரியில் கான்கிரீட்டும் நீரியலும் நடத்திக்கொண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை வரும் ஆய்விதழ் ஒன்றின் நிர்வாக ஆசிரியர் வேலையையும் பார்க்கிறேன். இதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. வாரத்தில் சில வகுப்புகளைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நீங்களும் பொறுப்பேற்கும் முன் அதையாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதழ் என்றதும் எல்லோரும் கட்டுரைக்கு எங்கே போவது என்றுதான் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை வேண்டாம். வேலை உயர்வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் கட்டுரை வெளியிட்டாக வேண்டிய நாட்டில் கட்டுரைக்குப் பஞ்சம் வராது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்பதை 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு தன் விதிகளில் எடுத்துவிட்டது. ஆனாலும் வரத்து நிற்கவில்லை. பஞ்சம் மதிப்பீட்டாளருக்குத்தான். ஒரு கட்டுரையை உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, எங்கே தப்பு என்று காசு வாங்காமல் எழுதித்தரும் ஆள்தான் இந்தத் தொழிலின் மூலதனம். அவருக்கு எந்த மாதம் ஓய்வு, எந்த வாரம் மூச்சு விட நேரமில்லை என்று பார்த்துத்தான் ஓராண்டைத் திட்டமிட வேண்டும்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

ஆண்டுக்கு இரண்டு இதழ் என்றால் கை தானாகவே ஜூன், டிசம்பர் என்று எழுதிவிடும். எழுதாதீர்கள். டிசம்பர் இதழ் என்றால் மதிப்பீடு அக்டோபர், நவம்பரில் நடக்க வேண்டும். அப்போதுதான் உள்தேர்வு, செய்முறைத் தேர்வு, அதன் பின்னாலேயே நவம்பர்-டிசம்பர் பல்கலைக்கழகத் தேர்வு, மேற்பார்வை, விடைத்தாள் திருத்தம் எல்லாம். டெல்டாவில் அது வடகிழக்குப் பருவமழைக் காலமும்கூட. எங்கள் பக்கத்து ஆசிரியர்களில் பலருக்கு ஊரில் நிலம் உண்டு. சம்பா வயலில் தண்ணீர் நின்றால் சனி, ஞாயிறு வடிகால் வெட்டப் போய்விடுவார்கள். ஜூன் இதழ் என்றாலும் இதே கதை. மதிப்பீடு ஏப்ரல்-மே தேர்வின் நடுவில் போய் மாட்டும்.

அதனால் எங்கள் இதழ்களை மார்ச் 31, செப்டம்பர் 30 என்று வைத்திருக்கிறோம். செப்டம்பர் இதழுக்கான மதிப்பீடு ஜூன் நடுவிலிருந்து ஜூலை முடிய. திருத்தும் பணி முடிந்து, அடுத்த பருவ வகுப்புகள் சூடுபிடிக்காத நாட்கள் அவை. மார்ச் இதழுக்கான மதிப்பீடு டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி முடிய. நடுவில் பொங்கலுக்கு ஒரு வாரம் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால் நாட்கள் கொஞ்சம் மாறும். கணக்கு ஒன்றுதான்: தேர்வு அட்டவணையை முதலில் விரித்துவைத்து, மீதமிருக்கும் இடைவெளியில் இதழைப் பொருத்துங்கள்.

மாதத்தை ஒருமுறை அறிவித்துவிட்டால் தவறவே கூடாது. தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது, இதழ் சொன்ன நாளில் ஒழுங்காக வந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். எட்டுக் கட்டுரை வேண்டும் என்று நினைத்து ஐந்துதான் தேறியது என்றால் ஐந்தோடு வெளியிடுங்கள். இரண்டு இதழ்களையும் சேர்த்து "இணைப்பு இதழ்" போடும் வழக்கத்தை எந்தச் சூழலிலும் தொடாதீர்கள்.

ஜூன்: வாசலில் நிறுத்திப் பார்ப்பது

மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பது வழக்கம். தண்ணீர் சில ஆண்டு வரும், சில ஆண்டு வராது. கட்டுரைகள் தவறாமல் வந்துவிடும். எங்கள் இதழ் ஆண்டு அந்த வாரத்தில்தான் தொடங்குகிறது.

வந்த கட்டுரையை அப்படியே மதிப்பீட்டாளருக்குத் தள்ளிவிடுவது பெரிய அநியாயம். அவர் நேரம் விலைமதிப்பற்றது என்று சொல்லிவிட்டு, அரைமணி நேரத்தில் நாமே தள்ளியிருக்கக்கூடிய கட்டுரையை அவருக்கு அனுப்பினால், அடுத்த தடவை நம் கடிதத்துக்குப் பதில் வராது. ஆகவே முதல் வாசிப்பு உங்களுடையது. வந்ததில் பாதியை இங்கேயே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தாலும் தயங்க வேண்டாம்.

எங்களுக்கு அதிகம் வருவது உமிச்சாம்பல் கான்கிரீட். சுற்றிலும் அரிசி ஆலை. உமியை எரித்துத்தான் நெல் அவிக்கிறார்கள். சாம்பல் மலையாகக் கிடக்கிறது. மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் வேண்டும். சரி, தப்பில்லை. நான் பார்ப்பது மூன்று விஷயம். உமி எந்த வெப்பநிலையில் எரிந்தது என்று எழுதியிருக்கிறார்களா? ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சாம்பலில் உள்ள சிலிக்கா படிகமாக மாறத் தொடங்கும், சிமென்ட்டோடு வினைபுரியும் திறன் குறையும். "அருகிலுள்ள ஆலையிலிருந்து சாம்பல் பெறப்பட்டது" என்று ஒரு வரியில் முடித்திருந்தால் மற்ற பக்கங்களைப் படித்துப் பயனில்லை. அடுத்தது, ஒவ்வொரு கலவைக்கும் வலிமை பார்க்க எத்தனை கான்கிரீட் க்யூப் உடைத்தார்கள் என்பது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 மூன்று க்யூபின் சராசரியைக் கேட்கிறது. எந்த ஒன்றும் அந்தச் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்கிறது. அட்டவணையில் சராசரி மட்டும் இருந்து, தனித்தனி எண்கள் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, இதையே இன்னொருவர் ஏற்கெனவே செய்திருக்கும்போது இதில் புதிதாக என்ன என்பது. பத்து சதவீதம் சேர்த்தால் வலிமை கூடுகிறது, இருபது சேர்த்தால் குறைகிறது என்று இன்னொரு கட்டுரை உலகத்துக்குத் தேவையில்லை.

நிலத்தடி நீர்க் கட்டுரைகளும் அப்படித்தான். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கடல்நீர் ஊடுருவல் உண்மையான பிரச்சினை. அதை அளந்து எழுதுகிறவர்களை உற்சாகப்படுத்த வேண்டும். ஆனால் மாதிரி எடுத்த மாதம் இல்லாத கட்டுரை செல்லாது. மழைக்கு முன்பா, பின்பா என்று தெரியாமல் உப்புத்தன்மை எண்ணை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? கரைந்த திடப்பொருளுக்குக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வரம்பு வைக்கிறது. வேறு நீர் இல்லாதபோது 2000 வரை அனுமதிக்கிறது. இரண்டில் எதை வைத்து ஒப்பிட்டார்கள் என்று சொல்லாமல் "பெரும்பாலான கிணறுகள் பாதுகாப்பற்றவை" என்று முடிப்பவர்கள் நிறைய.

எலக்ட்ரானிக்ஸ் துறையிலிருந்து வருவது தானியங்கிப் பாசனம். மண் ஈரம் அளக்கும் சென்சாரை நட்டு, ஈரம் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும் என்பார்கள். படம் பார்த்தால் நெல் வயல். தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் ஈரம் எப்படிக் குறையும் என்று கேட்டு ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவேன். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறைக்கு என்று வடிவமைத்திருந்தால் அது வேறு விஷயம். அங்கே துளையிட்ட குழாயை வயலில் இறக்கி, மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே நீர் இறங்கியதும் மீண்டும் பாய்ச்சுவார்கள். அந்த மட்டத்தை அளக்கும் கருவி என்றால் உட்கார்ந்து படிக்கலாம். துறை அறிவு என்பது இதுதான். உங்கள் துறையில் இல்லாத கட்டுரை வந்தால், முதல் வாசிப்புக்கே அந்தத் துறைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

கட்டுரையில் எவ்வளவு வேறு இடத்திலிருந்து எடுத்தது என்று மென்பொருளில் பார்க்கும் ஒற்றுமைச் சோதனை பற்றி ஒரு வார்த்தை. மானியக் குழுவின் 2018 விதிகளில் 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். ஒன்பது சதவீதம் என்று வந்தாலும், அந்த ஒன்பதும் முடிவுரையில் ஒரே பத்தியாக இருந்தால் அது திருட்டுதான். பதினெட்டு வந்து, அது முழுக்கச் சோதனை முறையின் வழக்கமான சொற்றொடர்களாக இருந்தால் திருத்திக் கொடுக்கச் சொன்னால் போதும். அறிக்கையைத் திறந்து வண்ணம் பூசிய இடங்களைப் படியுங்கள்.

எண்ணை ஏமாற்றவும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். மென்பொருளில் போட்டுச் சொற்களை மாற்றி எழுதினால் ஒற்றுமை குறையும். அப்போது 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகிவிடும். 2021-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் இப்படிச் சிதைந்த சொற்களைத் தேடிப் பார்த்தபோது பெரிய பதிப்பகங்களின் இதழ்களிலேயே ஏராளமாக அகப்பட்டன. உங்கள் துறையில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும் ஒரு சொல் விசித்திரமாக எழுதப்பட்டிருந்தால் அங்கேயே நில்லுங்கள். மேற்கோள் பட்டியலையும் சோதியுங்கள். சோடெரோ என்ற இலவச மென்பொருளில் பட்டியலை ஏற்றினால், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை எதையாவது மேற்கோள் காட்டியிருந்தால் சிவப்புக் கொடி காட்டும். இல்லாத கட்டுரையையே மேற்கோள் காட்டுவதும் இப்போது நடக்கிறது, சாட்ஜிபிடி புண்ணியத்தில். ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் கொடுக்கும் நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைச் சொடுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம், சாட்ஜிபிடியை யாரும் கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் போடக் கூடாது. வெளியீட்டு நெறிகளுக்கான கோப் அமைப்பு 2023-லேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மதிப்பீட்டாளர்

ஒரு கட்டுரைக்கு இருவர். இருவரைப் பிடிக்க ஐந்தாறு பேருக்காவது எழுத வேண்டியிருக்கும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எழுதாதீர்கள். ஐந்து பேரும் சரி என்றால் தர்மசங்கடம். இருவருக்கு எழுதி ஐந்து நாள் பாருங்கள், பதில் இல்லையென்றால் அடுத்த இருவர்.

ஆட்களை எங்கே தேடுவது? எங்களுக்குச் சுற்றுவட்டாரம் வளமானது. திருச்சியில் என்.ஐ.டி. இருக்கிறது, திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா இருக்கிறது, தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தலுக்கு நிஃப்டெம், ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம். ஆனால் பக்கத்திலேயே தேடினால் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருப்பார்கள். ஒருவர் உள்ளூர், ஒருவர் குறைந்தது வேறு மாநிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலேயே அதே விஷயத்தில் வேலை செய்தவர்கள் இருப்பார்கள். அவர்களில் பேராசிரியரை விட்டுவிட்டு, அவரோடு சேர்ந்து எழுதிய இளையவருக்கு எழுதிப் பாருங்கள். பேர் பெற்றவர்களுக்கு நேரம் இருக்காது. முனைவர் பட்டம் முடித்து மூன்று நான்கு ஆண்டு ஆனவர்கள் எழுதித்தரும் அறிக்கைதான் எனக்கு வந்தவற்றில் சிறந்தவை.

கட்டுரை எழுதியவரே மதிப்பீட்டாளர் பெயர்களைச் சொல்லலாம் என்று பல இதழ்களில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் இதழில் அதை நிறுத்திவிட்டோம். 2014-ல் 'ஜர்னல் ஆஃப் வைப்ரேஷன் அண்டு கன்ட்ரோல்' என்ற பொறியியல் இதழ் ஒரே அடியாக 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. போலிப் பெயர்களில் மின்னஞ்சல் கணக்குகள் தொடங்கி, தங்களுக்குள்ளேயே மதிப்பீடு எழுதிக்கொண்ட ஒரு கூட்டம் அகப்பட்டது. சொல்லப்பட்ட பெயர் உண்மையானவருடையதாக இருந்தாலும் முகவரி ஜிமெயில் என்றால், அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பக்கத்தில் தேடி அங்குள்ள முகவரிக்கே எழுதுங்கள்.

இரு பக்கமும் பெயர் மறைத்துத்தான் அனுப்புகிறோம். அது சொல்வதற்கு எளிது. முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டு, வேர்ட் கோப்பின் பண்புகளில் பெயரை அப்படியே விட்டுவிடுவார்கள். "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று எழுதி மேற்கோள் எண் போட்டிருப்பார்கள். ஆய்வு நடந்த இடத்தின் வரைபடத்தில் கல்லூரியின் பெயரே பெரிதாக இருக்கும். மூன்றையும் அனுப்பும் முன் பாருங்கள்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். தலைப்பு, சுருக்கம், எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள் வேண்டும். "ஏன் உங்களிடம் கேட்கிறேன்" என்று ஒரு வரி அவருக்கென்றே எழுத வேண்டும். அவர் எழுதிய எந்தக் கட்டுரையைப் பார்த்து அவரிடம் வந்தேன் என்பதைச் சொல்லுங்கள். மூன்று வாரம் கொடுங்கள். இரண்டாவது வாரம் முடிந்ததும் ஒரு நினைவூட்டல். மூன்றாவது வாரம் முடிந்தால் நம்மூர் ஆட்களுக்குத் தொலைபேசிதான்.

"சார், அந்த ஃபெர்ரோசிமென்ட் பேப்பர்..."

"ஏம்மா, மறக்கலைம்மா. வேல்யுவேஷன் முடிச்சுட்டு நேத்துதான் வந்தேன். ஞாயித்துக்கிழமை உக்காந்துர்றேன்."

ஞாயிறு என்று சொன்னவர் புதன்கிழமை அனுப்புவார். அதற்கு இடம் விட்டுத்தான் தேதி குறித்திருக்க வேண்டும்.

ஒருவரையே திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். நன்றாக எழுதித்தருகிறார் என்பதற்காகவே அவரைக் கசக்கிப் பிழிவது எல்லா ஆசிரியர்களும் செய்வது. முறைப்பாசனம் மாதிரி முறை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த இதழுக்கு இவர்கள், அடுத்த இதழுக்கு அவர்கள். ஒரு எக்செல் தாளில் பெயர், துறை, எப்போது கேட்டோம், எத்தனை நாளில் தந்தார், அறிக்கையின் தரம் என்று குறித்துவாருங்கள். அந்தத் தாள்தான் இதழின் உண்மையான சொத்து. அறிக்கை வந்ததும் அன்றைக்கே நன்றி எழுதுங்கள். கட்டுரை என்ன ஆயிற்று என்பதையும் பின்னால் தெரிவியுங்கள். பல இதழ்கள் இந்த இரண்டாவதைச் செய்வதேயில்லை. நான்கு மணி நேரம் செலவழித்தவருக்கு முடிவு தெரிய வேண்டாமா?

இரண்டு அறிக்கையும் எதிரெதிராக வந்தால் சராசரி எடுக்காதீர்கள். "ஏற்கலாம்" என்று இரண்டு வரி எழுதியவரையும், "வேண்டாம்" என்று ஒன்றரைப் பக்கம் காரணம் சொன்னவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. காரணங்களைப் படித்து நீங்களும் துறை ஆசிரியரும் முடிவெடுங்கள். முடியவில்லை என்றால் மட்டும் மூன்றாமவர்.

சொந்தக் கல்லூரிக் கட்டுரைகள்

இதைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள், ஆகவே நான் எழுதிவிடுகிறேன். இதழ் தொடங்கிய உடனே பக்கத்து அறையிலிருந்து கட்டுரை வரும். அடுத்து மேலிடத்திலிருந்து ஒரு பேச்சு வரும், "இவருடையதை இந்த இதழிலேயே பார்த்துப் போட்டுவிடுங்கள்" என்று. பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். ஆசிரியர் குழுவின் முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள்: சொந்தக் கல்லூரிக் கட்டுரை ஓர் இதழில் ஒன்றுக்கு மேல் கூடாது, அதையும் குழுவில் உள்ள வெளிக்கல்லூரிக்காரர் ஒருவர்தான் கையாள வேண்டும். அதை இணையதளத்திலும் போட்டுவிடுங்கள். மேலிடத்திடம், "சார், நம் ஆட்கள் அதிகமாக இருந்தால் ஸ்கோபஸில் தள்ளிவிடுவார்கள்" என்று சொன்னால் சண்டையில்லாமல் முடியும். அது பொய்யும் இல்லை. எழுதுகிறவர்களும் குழுவினரும் பல ஊர்களிலிருந்து வருகிறார்களா என்று அவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர்: கட்டுரையை இதழாக்குவது

ஏற்ற கட்டுரைகள் ஆகஸ்ட் முதல் வாரத்தில் திருத்தப்பட்டுக் கைக்கு வந்துவிட வேண்டும். மென்பொருளுக்கு ஓ.ஜே.எஸ். போதும். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பப்ளிக் நாலெட்ஜ் ப்ராஜெக்ட் உருவாக்கியது, இலவசம். கட்டுரை வருவதிலிருந்து வெளியாவது வரை எல்லாம் அதிலேயே நடக்கும். கணினித் துறை மாணவர் ஒருவரால் நிறுவிவிட முடியும். ஆனால் அவர் படிப்பு முடிந்து போய்விடுவார். ஆய்வக உதவியாளர் ஒருவருக்கும் அதைப் பழக்கிவையுங்கள்.

சமன்பாடுகளைப் படமாக ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். வரைபடங்கள் 300 டி.பி.ஐ.-க்குக் குறையக் கூடாது, அச்சுகளில் அலகு இருக்க வேண்டும். ப்ரூஃபைக் கட்டுரை எழுதியவருக்கு அனுப்பி நான்கு நாள் கெடு. ப்ரூஃபில் புதுப் பத்தி சேர்க்கப் பார்ப்பார்கள். எழுத்துப் பிழைக்கு மேல் எதையும் அனுமதிக்க வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய தலைவலி பெயர். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். எஸ். குமார் என்பவர் ஒரு கட்டுரையில் எஸ். குமார், இன்னொன்றில் குமார் எஸ்., மூன்றாவதில் அப்பா பெயரை நீட்டி எழுதி வேறொருவராகிவிடுவார். டி.ஓ.ஐ. பதியும் படிவமோ குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும். கட்டுரை ஏற்கப்பட்டதும் எழுதிய ஒவ்வொருவரிடமும் பெயரை எந்த வடிவில் எப்போதும் போடுகிறார் என்று எழுதி வாங்குங்கள். ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண்ணான ஆர்கிட்டையும் கேளுங்கள். இலவசம், ஐந்து நிமிட வேலை. மூன்று கோடி குமார்களிலிருந்து இவரைப் பிரித்துக்காட்ட வேறு வழியில்லை.

டி.ஓ.ஐ. எண்ணுக்கு கிராஸ்ரெஃப் அமைப்பில் உறுப்பினராக வேண்டும். ஆண்டுச் சந்தா உண்டு. அதற்கு மேல் புதுக் கட்டுரை ஒன்றுக்கு ஒரு டாலர். 10-ல் தொடங்கும் முன்னொட்டைத் தருவார்கள், பின்னொட்டு நம் இஷ்டம். சின்னதாக, அர்த்தமில்லாததாக வையுங்கள். இணையதளம் இடம் மாறினால் அங்கே போய்ப் புது முகவரியைப் பதிய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் கொடுத்த எண்ணெல்லாம் வெறுமைக்குப் போகும்.

இதழுக்கான அடையாளமான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை டெல்லியில் உள்ள நிஸ்பர் நிறுவனம் கட்டணமில்லாமல் தருகிறது. அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று. அட்டையில் அச்சிடும் முன் எண்ணைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 11-ஆல் வகுத்து வரும் மீதியை 11-லிருந்து கழித்தால் எட்டாவது இலக்கம் வர வேண்டும். பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் கரன்ட் சயன்ஸ் இதழின் எண் 0011-3891. கூட்டுத்தொகை 65, மீதி 10, கடைசி இலக்கம் 1. சரியாக இருக்கிறது. கழித்து 10 வந்தால் அங்கே எக்ஸ் எழுத்து இருக்கும். மீதியே இல்லையென்றால் 0.

அச்சுப் பிரதி தேவையா என்றால், நிர்வாகத்துக்குக் கையில் பிடித்துப் பார்க்க ஏதாவது வேண்டும், அதற்காகக் கொஞ்சம் அடியுங்கள். கும்பகோணத்தில் டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதிகூடப் போட்டுத் தருவார்கள். சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒன்று அனுப்புங்கள். பத்திரிகைப் பதிவுச் சட்டத்தைக் காட்டிச் சிலர் பயமுறுத்துவார்கள். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் அறிவியல், கல்வி சார்ந்த ஆய்விதழ்களைப் பருவ இதழ் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது.

மழைக்காலம்

அக்டோபரிலிருந்து டிசம்பர் நடு வரை இதழ் வேலை கொஞ்சம்தான். மார்ச் இதழுக்கான கட்டுரைகள் வரும், முதல் வாசிப்பை அப்பப்போ முடித்து வரிசையில் வைத்தால் போதும். இந்த நாட்களைப் பாதுகாப்பு வேலைக்கு ஒதுக்குங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறியபோது டெல்டாவின் கீழ்ப்பகுதியில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இதழின் இணையதளம் கல்லூரிக் கட்டிடத்துக்குள்ளேயே ஒரு சர்வரில் இருந்தால், கட்டுரையை ஜப்பானிலிருந்து தேடுகிறவருக்கும் மின்சாரம் இல்லாத கதைதான். வெளியே ஒரு ஹோஸ்டிங் எடுங்கள். ஓ.ஜே.எஸ். இதழ்களை உலகின் பல இடங்களில் பிரதி எடுத்துக் காக்கும் வலையமைப்பு ஒன்றையும் அந்தக் கனடா அமைப்பே இலவசமாக நடத்துகிறது, ஐ.எஸ்.எஸ்.என். கிடைத்ததும் அதில் சேருங்கள். வாரத்துக்கு ஒரு காப்பு நகல் ஹார்ட் டிஸ்க்கில். அந்த டிஸ்க் தரைத்தள அறையில் இருக்க வேண்டாம்.

பட்டியல்கள்

மார்ச் இதழ் போனதும் பட்டியல் விண்ணப்பங்களைப் பாருங்கள். யு.ஜி.சி. கேர் பட்டியலில் சேர்த்துவிடச் சொல்லி இன்னும் யாராவது கேட்பார்கள். அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் மானியக் குழு கைவிட்டுவிட்டது. இதழின் தரத்தைக் கல்லூரிகளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சில அளவுகோல்களை மட்டும் தந்திருக்கிறது. யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த இதழ் என்றால், அத்தகைய இதழ்களின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.-தான் முதல் படி. ஆண்டுக்கு ஐந்து ஆய்வுக் கட்டுரையாவது வெளியிட வேண்டும், உரிமம் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறார்கள். விண்ணப்பம் இலவசம், கேள்விகள் கூர்மையானவை. நிரப்பும்போதே நம் தளத்தில் என்னென்ன இல்லை என்று புரிந்துவிடும். ஸ்கோபஸுக்கு இரண்டு ஆண்டு வரலாறு வேண்டும். அதுவரை அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

இதற்கிடையில் மின்னஞ்சல் வரும்: "உங்கள் இதழுக்கு இம்பேக்ட் ஃபேக்டர் வழங்குகிறோம், கட்டணம் இவ்வளவு." குப்பையில் போடுங்கள். ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து கிளாரிவேட் நிறுவனம் வெளியிடும் எண் அது. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழை இதழின் முகப்பில் போட்டால், விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் அடுத்த கடிதத்தைத் திறக்கவே மாட்டார்.

மே

விடைத்தாள் முகாம் நடக்கும் மாதம், யாரையும் எதுவும் கேட்க முடியாது. கணக்கை முடியுங்கள். ஆசிரியர் குழுவில் இரண்டு ஆண்டாக ஒரு கடிதத்துக்கும் பதில் போடாதவர்கள் இருந்தால் மரியாதையாக நன்றி சொல்லி விடுவியுங்கள். அவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. மதிப்பீட்டாளர் தாளைப் புதுப்பியுங்கள்; ஓய்வு பெற்றவர், வெளிநாடு போனவர், வேலை மாறியவர் என்று முகவரிகள் நிறைய மாறியிருக்கும். டொமைன், ஹோஸ்டிங், கிராஸ்ரெஃப் மூன்றின் கடவுச்சொற்களும் உங்கள் சொந்த ஜிமெயிலில் இல்லாமல் இதழின் பொது முகவரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டொமைன் புதுப்பிக்க வேண்டிய தேதியை எச்.ஓ.டி. அறைச் சுவரில் உள்ள நாட்காட்டியிலும் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு இந்த வேலையைப் பார்க்கப் போவது யாராக இருந்தாலும் அந்த அறைக்கு வந்துதான் தீர வேண்டும்.